மாத்திரையா, மத்தியா?

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையின் இருபுறமும் எழுந்திருக்கும் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தரை ஒரே மாதிரிதான்: முகம் பார்க்கும்படியான வெளிர்நிற டைல்ஸ். பத்து வயதைக் கடந்த ஒரு லேப்ரடார் அந்தத் தரையில் படுத்திருந்து எழுவதைக் கவனித்தால் பாதி நோய்க்குறிப்பு அங்கேயே கிடைத்துவிடும். முன்னங்கால்கள் முதலில் ஊன்றும். பின்னங்கால்கள் பக்கவாட்டில் வழுக்கும். கொஞ்சம் நிதானித்துவிட்டு மறுபடி முயலும். எழுந்ததும் நாலைந்து அடி விறைப்பாக நடக்கும்; பிறகு இளகும். நாயின் உடல் எடையில் சுமார் 60 விழுக்காட்டை இயல்பாகவே முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. இடுப்பு வலிக்கத் தொடங்கிய நாய் இன்னும் கொஞ்சம் பாரத்தை முன்பக்கம் தள்ளிவிடும். அதனால் மாதக்கணக்கில் தோள் திரண்டு, தொடை சூம்பிப்போகும். "வயசாயிடுச்சு, சோம்பேறி ஆயிடுச்சு" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கும்போது நாய் உண்மையில் ஒரு கணக்குப் போட்டு நடந்துகொண்டிருக்கிறது.

இந்த மாதிரி நாயோடு கடைக்குப் போனால் கையில் கொடுக்கப்படுவது ஒரு டப்பா. குளுக்கோசமைன், கான்ட்ராய்ட்டின், சில சமயம் மஞ்சள் சாறு, கொலாஜன், கொஞ்சம் கால்சியம். மாதாமாதம் வாங்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் வீட்டில் அது சின்னச் செலவல்ல, ஆகவே "இதிலேயே விலை குறைந்தது எது?" என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடினால், கேள்வியே வேறு பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த டப்பாவில் இருப்பவற்றுள் மிகப் பிரபலமானதற்குத்தான் சான்று மிகக் குறைவு. பலன் நிரூபணமானவற்றில் சிலவற்றுக்குக் காசே வேண்டாம்.

முதலில் அந்த மூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டின் முனையையும் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதன் எடையில் முக்கால் பங்கு அளவுக்குத் தண்ணீர். மிச்சம் கொலாஜன் இழைகளும், அவற்றுக்கிடையே தண்ணீரைப் பிடித்துவைக்கும் பெரிய மூலக்கூறுகளும். அதில் ரத்தக் குழாய் இல்லை. நரம்பும் இல்லை. உயிருள்ள செல்கள் அதன் கன அளவில் ஒன்றிரண்டு விழுக்காடுதான். ரத்தமே போகாத இடத்துக்குச் சாப்பாடு எப்படிப் போகும்? நாய் காலை ஊன்றும்போது குருத்தெலும்பு பஞ்சைப்போல் அமுங்கித் தண்ணீரை வெளியே விடுகிறது. காலைத் தூக்கும்போது மூட்டு நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நீரோடு சத்தும் உள்ளே வருகிறது. ஆக, நடப்பதுதான் அதற்கு உணவு. படுத்தே கிடக்கும் நாயின் மூட்டு பட்டினி கிடக்கிறது.

நரம்பில்லாத பொருள் தேய்ந்தால் வலிக்கக்கூடாதே என்று தோன்றும். வலிப்பது குருத்தெலும்பல்ல. அது தேய்ந்து உதிரும் துணுக்குகள் மூட்டு உறையை உறுத்துகின்றன, உறை வீங்குகிறது, அடியில் இருக்கும் எலும்புக்கு நேரடியாகப் பாரம் ஏறுகிறது, விளிம்பில் எலும்பு முளைகள் வளர்கின்றன. வலி இவை எல்லாவற்றிலிருந்தும் வருகிறது. ரத்த ஓட்டம் இல்லாததாலும் செல்கள் சொற்பமாக இருப்பதாலும், ஒருமுறை தேய்ந்தது திரும்ப அதே தரத்தில் வளர்வதில்லை. "தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும்" என்று அச்சடித்த டப்பாவைக் கடை அலமாரியிலேயே வைத்துவிடலாம்.

குளுக்கோசமைன் கதை 1876இல் தொடங்குகிறது. கேயோர்க் லெடர்ஹோஸ் என்ற ஜெர்மானிய இளைஞர் லாப்ஸ்டர் எனும் சிங்கி இறாலின் ஓட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தபோது ஒரு சர்க்கரைப் படிகம் கிடைத்தது. இறால், நண்டு ஓட்டின் கட்டுமானப் பொருளான கைட்டினின் அடிப்படைக் கண்ணி அதுதான். இன்றும் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்தே தயாராகிறது. நாம் உரித்து எறியும் இறால் தோலின் இன்னொரு பிறவி. குருத்தெலும்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் மூலக்கூறுகளைக் கட்டவும் உடலுக்குக் குளுக்கோசமைன் தேவை. ஆகவே வெளியிலிருந்து கொடுத்தால் குருத்தெலும்புக்குப் போய்ச் சேரும் என்பது யோசனை.

நமக்கு இது புதிய யோசனை அல்ல. மூட்டுவலிக்கு ஆட்டுக்கால் சூப் குடிக்கச் சொல்லும் ஊர் இது. காலுக்குக் கால். சூப்பின் ருசியில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் குடல் முகவரி பார்த்துத் தபால் சேர்ப்பதில்லை. கொலாஜன் உள்ளே போனால் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைகிறது. அதன்பின் அது முட்டையிலிருந்து வந்ததா, காலிலிருந்து வந்ததா என்று உடல் பெரிதாகக் கேட்பதில்லை. குளுக்கோசமைன் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். நாய்களில் அளந்து பார்த்ததில், வாய்வழி கொடுத்த குளுக்கோசமைனில் சுமார் 12 விழுக்காடும், கான்ட்ராய்ட்டினில் சுமார் 5 விழுக்காடும்தான் ரத்தத்துக்கு வந்தன. மூட்டுக்குப் போவது அதிலும் ஒரு சிறு பங்கு. நாய்க்கு ஆட்டுக்கால் சூப் கொடுப்பவர்களுக்கு இன்னொரு சொல்: வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. நமக்கு வைத்த சூப்பை அதற்கு ஊற்றக்கூடாது. வெந்த எலும்பையும் போடக்கூடாது. சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

சரி, யோசனை எப்படியிருந்தாலும் நாய் நன்றாக நடந்தால் போதாதா? சோதித்துத்தான் பார்த்தார்கள். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 35 நாய்கள்; குளுக்கோசமைன் கலவை கொடுத்தவற்றுக்கு 70ஆம் நாளில் வலி குறைந்ததாக மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் அதில் மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்து ஒப்பிட ஒரு குழு இல்லை. அதற்கு முன்பே, 2003இல், 71 நாய்களைக் கொண்ட கனடிய ஆய்வு வலிநிவாரணிகளையும் இந்தக் கலவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. வலிநிவாரணிகள் வேலை செய்தன, கலவை செய்யவில்லை. மனிதர்களிலும் இதே கதை: அமெரிக்காவில் 1,583 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2006இல் வந்தபோது, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 60 விழுக்காட்டினர் முழங்கால் வலி தேவலை என்றார்கள், குளுக்கோசமைன் அதை மிஞ்சவில்லை. கடைசியாக 2022இல் மாண்ட்ரியால் பல்கலைக்கழகக் குழு, நாய், பூனை மூட்டுத் தேய்மானத்துக்கான சத்துப்பொருள் ஆய்வுக் கட்டுரைகள் 57ஐ ஒன்றாக வைத்து அலசியது. குளுக்கோசமைன்–கான்ட்ராய்ட்டினுக்குப் பலன் இல்லை, இனி இதைப் பரிந்துரைக்கவே வேண்டாம் என்று அவர்கள் எழுதினார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இவ்வளவு நேரடியான வாக்கியம் அபூர்வம்.

அப்படியானால், "எங்க நாய்க்குக் கொடுத்தோம், நல்லா ஓடுதே" என்று சொல்பவர்கள் எல்லாம் பொய் சொல்கிறார்களா? இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த ஆராய்ச்சி இதைப் பற்றியதுதான். மைக்கேல் கொன்செமியஸ், ரிச்சர்ட் எவன்ஸ் என்ற இருவர் 2012இல் வெளியிட்டது. ஒரு மருந்துச் சோதனையில் வெறும் மாத்திரை மட்டும் பெற்ற 58 நாய்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நாயையும் தரையில் பதித்த ஓர் அளவுத் தட்டின்மேல் நடக்கவிட்டார்கள். ஒவ்வொரு கால் எவ்வளவு அழுத்தத்தில் ஊன்றுகிறது என்று அந்தத் தட்டு துல்லியமாகப் பதியும். அதற்குப் பாசமும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. தட்டு என்ன சொல்கிறது, நாய் வளர்ப்பவர் என்ன சொல்கிறார் என்று ஒப்பிட்டார்கள். நொண்டலை மதிப்பிடும்போது வளர்ப்பவர்கள் சுமார் 57 விழுக்காடு தடவை, இல்லாத முன்னேற்றத்தைக் கண்டார்கள். கால்நடை மருத்துவர்களும் தப்பவில்லை: 40 முதல் 45 விழுக்காடு.

மாத்திரையை நம்பி நாய் குணமாகவில்லை. நாய்க்குத் தான் சாப்பிடுவது மருந்து என்றே தெரியாது. நம்பிக்கை பார்ப்பவர் கண்ணில் வேலை செய்கிறது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மூட்டுவலி தினமும் ஒரே அளவில் இருப்பதில்லை, ஏறும், இறங்கும். மிக மோசமான வாரத்தில்தான் நாம் டப்பா வாங்கப் போவோம். அதற்கடுத்த வாரம் எப்படியும் கொஞ்சம் தேவலையாகத்தான் இருக்கும். மார்கழியில் வாங்கிய மாத்திரைக்கு மாசி வெயில் வாங்கித்தரும் நல்ல பெயர் கொஞ்சநஞ்சமல்ல.

மஞ்சளுக்கும் இதே சோதனை நடந்திருக்கிறது. பிரிட்டனில் 2003இல் மஞ்சள் சாற்று மருந்து ஒன்றை 25 நாய்களுக்கும், வெறும் மாத்திரையை 29 நாய்களுக்கும் கொடுத்தார்கள். பரிசோதித்த மருத்துவர்கள் மஞ்சள் குழு தேறியது என்றார்கள். அளவுத் தட்டு வித்தியாசமில்லை என்றது. கால்சியம் டானிக் பற்றி ஒரு வரி போதும்: மூட்டுத் தேய்மானம் கால்சியம் குறைவால் வருவதல்ல; வேகமாக வளரும் பெரிய இனக் குட்டிக்கு அதைக் கூடுதலாக ஊற்றினால் எலும்பு கோணலாக வளர்ந்து பிற்கால மூட்டுநோய்க்கு அடிபோடும்.

நியூசிலாந்தின் பச்சை ஓட்டுச் சிப்பிப் பொடியும் விலை உயர்ந்த டப்பாக்களில் வருகிறது. அதன் உறவுக்காரச் சிப்பி நம் கடலிலேயே உண்டு. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கடல்நீர் கொண்டுவரும் சுரங்கக் குழாயின் சுவர்களில் ஒட்டி வளர்ந்து பொறியாளர்களைப் பாடாய்ப்படுத்தியது அதுதான். கொச்சியில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அந்தச் சிப்பியிலிருந்து மனித மூட்டுவலிக்கு ஒரு சாற்று மாத்திரை தயாரித்திருக்கிறது. நாய்களில் நியூசிலாந்துச் சிப்பியை வைத்து நடந்த ஆய்வுகள் ஒன்று ஆம் என்றால் ஒன்று இல்லை என்கிறது. காசு மிச்சமிருப்பவர்கள் முயன்று பார்க்கலாம்; இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை.

வருந்த வேண்டாம் என்பதற்குக் காரணம் மீன். மாண்ட்ரியால் குழு அலசியவற்றில் மிகத் தெளிவாகத் தேறியது மீன் கொழுப்பிலிருக்கும் ஒமேகா-3தான். அமெரிக்காவில் 2010இல் வந்த ஓர் ஆய்வில் 38 நாய்கள். பாதிக்கு மீன் எண்ணெய் செறிந்த உணவு, பாதிக்குச் சாதாரண உணவு. 90 நாள் கழித்து அதே அளவுத் தட்டில் நடக்கவிட்டார்கள். மீன் எண்ணெய் உண்டவற்றில் 82 விழுக்காடு நாய்கள் வலிக்கும் காலை முன்னைவிட அழுத்தி ஊன்றின. மற்றதில் 38 விழுக்காடு. 131 நாய்களில் நடந்த இன்னோர் ஆய்வில், மீன் எண்ணெய் உணவு உண்ட நாய்களுக்கு வலிநிவாரணியின் அளவைக் கூடுதலாகக் குறைக்க முடிந்தது. இங்கே பேசுவது பாசம் வைத்த கண் மட்டுமல்ல, தட்டும்தான்.

இது எப்படி நடக்கிறது என்பதில் ஓர் அழகு இருக்கிறது. ஒவ்வொரு செல்லின் மேலுறையும் கொழுப்பால் ஆனது. நாய் எந்தக் கொழுப்பைத் தின்கிறதோ அது கொஞ்சம் கொஞ்சமாக அந்த உறையில் இடம்பிடிக்கிறது. உறையில் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு நிறைய இருந்தால், செல் காயப்படும்போது அதைப் பிய்த்து வீக்கத்தையும் வலியையும் தூண்டும் ரசாயனங்களைச் செய்கிறது. மீன் கொழுப்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், அதிலிருந்து வரும் ரசாயனங்கள் அவ்வளவு மூர்க்கமானவை அல்ல. வலிநிவாரணி மாத்திரை தடுப்பதும் இதே பாதையைத்தான். அது தொழிற்சாலையை நிறுத்துகிறது, மீன் மூலப்பொருளை மாற்றுகிறது. அதனால்தான் மீனுக்குப் பொறுமை வேண்டும். மாத்திரை சில மணி நேரத்தில் வேலை செய்யும். உறையின் கொழுப்பு மாறுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும்.

எவ்வளவு தேவை? டெக்சாஸில் பணியாற்றிய ஜான் பாவர் 2011இல் வெளியிட்ட கணக்குப்படி மூட்டு நோயுள்ள 20 கிலோ நாய்க்கு மீன் கொழுப்பின் ஒமேகா-3களான இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 2.9 கிராம். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண 1,000 மில்லிகிராம் மீன் எண்ணெய் மாத்திரையில் இவை இரண்டும் சேர்ந்து 300 மில்லிகிராம்தான் இருக்கும். மிச்சம் வேறு கொழுப்பு. அப்படியானால் தினம் பத்து மாத்திரை! மூட்டு டப்பாக்களில் "ஒமேகா-3 உண்டு" என்று ஓரத்தில் போட்டிருப்பதன் லட்சணம் இங்கே புரியும். லேபிளில் மீன் எண்ணெய் எத்தனை என்பதைப் பார்க்காமல் இ.பி.ஏ., டி.எச்.ஏ. எத்தனை என்பதைப் பார்த்து, அந்தக் கிராமுக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்க்க வேண்டும். செறிவு கூடிய மாத்திரை விலை கூடியதாகத் தெரிந்தாலும் பல சமயம் மலிவாக முடியும். மஞ்சளாக உருண்டையாக வரும் ஈரல் எண்ணெய் மாத்திரைகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அவற்றில் வைட்டமின் ஏ, டி செறிந்திருக்கும், அளவு மீறினால் நஞ்சு. ஆளி விதையும் உதவாது. அதிலிருக்கும் ஒமேகா-3 வேறு வகை. நாயின் உடல் அதை மீன் கொழுப்பாக மாற்றுவது மிகச் சொற்பம்.

மலிவான வழி மீனாகவே கொடுப்பது. வண்டலூர்ச் சாலை கேளம்பாக்கத்தில் முடிந்தால் அதற்கப்பால் கோவளம் கடற்கரை. வஞ்சிரம், வவ்வால் விலைகளைக் கேட்டு மயங்க வேண்டாம். நாய்க்கு வேண்டியது கூடையில் மலிவாகக் கிடக்கும் மத்தியும் கானாங்கத்தையும். பருவத்தில் கொழுத்த மத்தியில் 100 கிராமுக்கு ஒரு கிராமும் அதற்கு மேலும் இந்தக் கொழுப்பு இருக்கும். உப்பு, மிளகாய், புளி எதுவும் வேண்டாம்; வேகவைத்து முள் எடுத்துப் பிசைந்து கொடுத்தால் போதும். பச்சையாகக் கொடுக்கக்கூடாது. மத்தியில் தயமினேஸ் என்ற நொதி உண்டு, அது பி1 வைட்டமினை அழிக்கும், வெந்தால் செயலிழந்துவிடும். பொரித்தால் மீனின் கொழுப்பு கடாயில் போய்விட்டு கடலை எண்ணெய் உள்ளே வரும். தினம் பாவர் சொன்ன முழு அளவுக்கு மீன் கொடுக்க எல்லோராலும் முடியாது. வாரத்தில் மூன்று நான்கு நாள் மீன், மிச்சத்துக்கு மாத்திரை என்று பிரித்துக்கொள்ளலாம். வயிறு இளகினால் அளவைக் குறைத்து மெல்ல ஏற்ற வேண்டும். கணைய அழற்சி வந்த நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் எந்தக் கொழுப்பும் கூடாது. எவ்வளவு மீன் போடுகிறோமோ அவ்வளவுக்குச் சோற்றைக் குறைக்கவும் வேண்டும். ஏனென்றால் அடுத்த விஷயம் எடை.

நாய்களின் வயோதிகம் பற்றி இதுவரை நடந்தவற்றுள் மிகப் பொறுமையான ஆராய்ச்சி அமெரிக்காவின் பூரினா நிறுவனத்தில் நடந்தது. 48 லேப்ரடார் குட்டிகளை ஒரே ஈற்றைச் சேர்ந்த ஜோடிகளாகப் பிரித்தார்கள். ஜோடியில் ஒன்றுக்குக் கிடைத்ததில் கால் பங்கு குறைத்து மற்றதற்கு வைத்தார்கள், எட்டு வார வயதிலிருந்து வாழ்நாள் முழுக்க. கடைசி நாய் சாகும்வரை காத்திருந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். நிறையத் தின்ற குழுவின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாகத் தின்றதற்கு 13. மூட்டுத் தேய்மானத்துக்குத் தொடர் சிகிச்சை தேவைப்பட்ட நாய்களின் பங்கு பாதியை எட்டிய வயது முதல் குழுவில் 10.3; இரண்டாவதில் 13.3. மூன்றாண்டு! எந்த மாத்திரையும் இதைச் செய்ததில்லை. நாய்த்தீனி விற்கும் நிறுவனமே பணம் போட்டு, தீனியைக் குறையுங்கள் என்ற முடிவுக்கு வந்ததை நான் ரசிக்கிறேன்.

ஏற்கனவே கிழடான, ஏற்கனவே பருத்த நாய்க்கு இனிமேல் என்ன பயன்? அதுவும் பார்க்கப்பட்டிருக்கிறது. மூட்டு நோயுள்ள பருத்த நாய்கள் உடல் எடையில் ஆறு விழுக்காடு இழந்தபோதே நொண்டல் குறையத் தொடங்கியது. 30 கிலோ லேப்ரடாருக்கு அது இரண்டு கிலோவுக்கும் கீழே. எடை குறைந்தால் மூட்டின்மேல் பாரம் குறைவது ஒரு பக்கம். கொழுப்புத் திசு சும்மா இருக்கும் பொதி அல்ல, வீக்கத்தைத் தூண்டும் சுரப்புகளை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருப்பது என்பது இன்னொரு பக்கம். விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடை தெரிய வேண்டும், இதுதான் அளவுகோல். நம் வீடுகளில் எதிரி பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டல்ல, டீ நேரம். ஒரு மாரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. பத்துக் கிலோ எடையுள்ள வயதான நாய்க்கு ஒரு நாளைக்கே 500 முதல் 600 கலோரிதான் வேண்டும். காலையில் அப்பா இரண்டு, மாலையில் பாட்டி இரண்டு என்று போட்டால் ஆறில் ஒரு பங்கு அங்கேயே முடிந்தது. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதுமில்லை.

இனமும் பேசத்தான் வேண்டும். இடுப்பு மூட்டின் குழி ஆழமில்லாமல் தொடை எலும்பு தளர்ந்து ஆடும் பிறவிக் குறை லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் இனங்களில் அதிகம். மெலிந்து நீண்ட வேட்டை இனமான கிரேஹவுண்டில் அது அரிதிலும் அரிது. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் அதே உடல்வாகு கொண்ட ஓட்டக்காரர்கள். ராஜபாளையத்துக்கு 2005இல் அஞ்சல்தலை வெளியிட்டுப் பெருமைப்பட்டோம். வெக்கைக்கும் மூட்டுக்கும் ஏற்ற நாய்கள் தென் மாவட்டங்களில் இருக்க, குளிர்நாட்டு நாயை டைல்ஸ் தரைக்குக் கொண்டுவந்து மாத்திரை தேடிக்கொண்டிருக்கிறோம். வந்துவிட்ட நாயை என்ன செய்வது, காப்பாற்றத்தான் வேண்டும். மூட்டு தேயும்வரை ஒரு விலங்கு வாழ்வதே கவனிப்பின் விளைவு. காட்டில் ஓநாயோ செந்நாயோ நொண்டத் தொடங்கினால் வேட்டைக்குப் போக முடியாது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் இருப்பதுபோல் கூண்டுக்கு உணவு வரும் இடங்களில்தான் நாயின் உறவினங்களும் கிழப்பருவம் வரை வாழ்ந்து நம் வீட்டு நாயின் வியாதிகளைப் பெறுகின்றன.

எடையும் மீனும் போதாத நாய்கள் உண்டு. அவற்றுக்கு மருந்துதான் கருணை. மலிவான மருந்தே இருக்கிறது, அதன் பின்னால் ஒரு பறவைக் கதையும் இருக்கிறது. தொண்ணூறுகளில் இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே கழுகின் சிறுநீரகத்தை அழிக்கிறது என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். மாற்று தேடியபோது கழுகுக்குத் தீங்கில்லாதது என்று நிரூபணமானது மெலாக்சிகாம். 2006இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தடையானது, மெலாக்சிகாம் பரவலானது. இன்று மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளைக் காக்க மாட்டுக்குப் பரிந்துரைக்கப்படும் அதே மெலாக்சிகாம்தான் கிழ நாயின் இடுப்பு வலிக்கும் உலகம் முழுக்க எழுதப்படும் மருந்து.

மலிவு என்பதாலேயே இதில் ஆபத்தும் இருக்கிறது. நாய்க்கு அன்றாட அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். மனிதர்களுக்கான மாத்திரை 15 மில்லிகிராமில் வருகிறது. பத்துக் கிலோ நாய்க்கு அந்த ஒரு மாத்திரை பதினைந்து நாள் மருந்து! ஒரே வேளையில் போட்டால் குடல் புண்ணும் சிறுநீரகச் சேதமும் வரலாம். வீட்டிலிருக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எதையும் தொடவே கூடாது; நாயின் வயிறு அவற்றைத் தாங்காது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கல்லீரலும் பார்த்து மருத்துவர் எழுதிய அளவு மட்டுமே.

மருத்துவரைப் பார்க்க இன்னொரு காரணம், நம் ஊரில் நொண்டும் நாய்க்கெல்லாம் மூட்டுத் தேய்மானம் இல்லை. சென்னைப் புறநகரில் புதரும் காலிமனையும் உண்ணியும் ஏராளம். பழுப்பு நாய் உண்ணி கொண்டுவரும் எர்லிக்கியா காய்ச்சலில் பல மூட்டுகள் ஒருசேர வீங்கலாம். இன்று இந்தக் கால், நாளை அந்தக் கால் என்று நொண்டும். அதற்குத் தேவை ஆன்டிபயாட்டிக். ஆறு மாதம் மூட்டு டானிக் ஊற்றினாலும் நிற்காது, அதற்குள் ரத்தத் தட்டணுக்கள் கரைந்திருக்கும். பெரிய இன நாய்க்கு ஒரே இடத்தில் வீங்கி வலித்தால் எலும்புப் புற்றும் இருக்கலாம். 1903இல் தொடங்கப்பட்டு இன்று வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு வண்டலூரிலிருந்து முப்பது கிலோமீட்டர். பக்கத்தில் நல்ல மருத்துவர் இல்லாவிட்டால் ஒருமுறையாவது அங்கே போய் எக்ஸ்ரே எடுத்துவிடுவது, ஆறு மாத டப்பா விலையைவிட லாபம்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை சில்லறை வேலைகள். டைல்ஸ் தரையில் நாய் நடக்கும் பாதைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் பழைய யோகா பாயோ கயிற்றுப் பாயோ விரித்தால் பின்னங்கால் வழுக்காது. பாய் மடங்கிச் சுருண்டால் அதுவே தடுக்கிவிடும், ஓரத்தை ஒட்ட வேண்டும். நகம் நீண்டால் பாதம் தரையில் படியாது. உள்ளங்கால் விரலிடுக்கு மயிரைக் கத்தரித்தால் பிடிமானம் கூடும். நடை வேண்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிடுவது கெடுதல். தினம் பத்துப் பதினைந்து நிமிடம் இரண்டு மூன்று முறை சீராக நடப்பதுதான் குருத்தெலும்புக்கு ஊட்டம், தொடைக்குத் தசை. சித்திரை வைகாசியில் தார் ரோட்டில் உங்கள் புறங்கையைச் சில நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்தையும் வைக்கக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சத்து டப்பாவை முயன்று பார்க்க ஆசையா? தாராளமாக. குளுக்கோசமைன் பெரிய கெடுதல் செய்வதில்லை. ஆனால் அளவுத் தட்டு இல்லாத வீட்டில் கண்ணை ஏமாறாமல் வைக்க ஒரு வழி வேண்டும். டப்பாவைத் திறக்கும் முன் ஒரு வாரம், நாய் படுக்கையிலிருந்து எழுவதையும் ஒரே மாடிப்படி ஏறுவதையும் தினமும் அதே வேளையில் செல்போனில் படம் பிடியுங்கள். வேறு எதையும், உணவையோ மருந்தையோ நடையையோ, மாற்றாமல் எட்டு வாரம் கொடுங்கள். கடைசி வாரம் மறுபடி பிடியுங்கள். தேதி தெரியாமல், முன்பின்னாகக் கலந்து, நாய்மேல் அக்கறை ஏதுமில்லாத எதிர்வீட்டுப் பையனிடம் காட்டி எதில் நன்றாக நடக்கிறது என்று கேளுங்கள். அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் அடுத்த டப்பா விலையில் மத்தி வாங்கலாம்.